விசில் டீச்சரின் மகள்

விசில் டீச்சர் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனுக்கே கொஞ்சம் பயம். காலையில் அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மைதானத்தின் ஓரமாக நடந்துவரும்போது, கூன் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தானாக நிமிர்வார்கள். கழுத்தில் தொங்கும் விசிலை அவள் ஊதியது கம்மி. முறைத்தாலே போதும்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. பிள்ளை நடந்து வருகிற தினுசைப் பார்த்தே, அது ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, காலையில் சாப்பிடவில்லை, வீட்டில் அடி வாங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இளைப்பு என்று மருந்தும் கையுமாக வந்த ஒரு பையனைச் சும்மா சுற்றுச்சுவரை ஒட்டி நடக்கவைத்து, பிறகு மெல்ல ஓடவைத்து, கடைசியில் ஹேண்ட்பால் கோல்கீப்பராக நிறுத்திவிட்டாள். அவன் அம்மா வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோடும் வாய் திறக்காத ஒரு சிறுமி, கயிறு இழுக்கும் போட்டியில் ஒருநாள் "இழுங்கடி" என்று போட்ட சத்தத்தில் இரண்டாவது மாடியிலிருந்த வகுப்பெல்லாம் எட்டிப் பார்த்தது. டீச்சருக்கு இதெல்லாம் தெரியும். புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, கண்ணெதிரே பார்த்தது.

ஆனால் அவளுடைய பீரியடுக்கு ஆயுள் கெட்டியில்லை. வாரம் தவறாமல் யாராவது வந்து நிற்பார்கள். "இன்னைக்கு மட்டும் டீச்சர், போர்ஷன் முடியல." அப்படி வாங்கிக்கொண்டு போன பீரியடை யாரும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. வாங்கிப்போவதில் முதல் ஆள் கணக்குப் பாடம்தான். பிள்ளைகள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்பிப் போவார்கள், பந்தியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்களைப்போல.

சரி, பள்ளிக்கூடத்தில்தான் கணக்கு அவளைத் துரத்தியது என்றால், வீட்டுக்கு வந்தால் வீடே கணக்காக இருந்தது. அவள் புருஷன் கணக்கு சார். முன்பு இதே பள்ளிக்கூடத்தில் இருந்தவர், இப்போது வீட்டு முன்ஹாலில் சொந்தமாக டியூஷன் சென்டர் நடத்துகிறார். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே நீளநீளமாக பெஞ்சுகள், சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. டீச்சர் வேலை முடித்து வந்தால், சொந்த வீட்டுக்குள்ளேயே பெஞ்சுகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நடந்துதான் சமையலறைக்குப் போயாக வேண்டும். கணக்கு சார் கெட்டவர் இல்லை. அதிர்ந்து பேசமாட்டார், பிள்ளைகளை அடிக்கமாட்டார். ஒரு பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால், சாக்பீஸோ மார்க்கரோ கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "நீயே யோசி" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பயந்தே பிள்ளைகள் படித்தார்கள்.

இவர்கள் இருவருக்கும் ஒரே மகள். மைதானத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வெட்டுக்கிளி. காலில் ஸ்பிரிங் வைத்துத்தான் பிறந்தாளோ என்னவோ, சின்ன வயதில் அப்பாவின் டியூஷன் பெஞ்சுகளை வரிசையாகத் தாண்டிக்கொண்டு போய்ச் சமையலறையில் நிற்பாள். ஆறாம் வகுப்பில் ஒருநாள், பெரிய வகுப்புப் பெண்களுக்காக வைத்திருந்த உயரம் தாண்டும் குச்சியை, புத்தகப்பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்து தாண்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குச்சி அசையக்கூட இல்லை. டீச்சர் அப்போது வேறொரு கூட்டத்துக்கு பந்து பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவளுக்கு சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. நல்ல பொருள் ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதைத் தொலைத்துவிடுவோமோ என்று வருமே, அந்தப் பயம்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் இருவரும் மைதானத்தில்தான். வளைந்து ஓடிவருவது எப்படி, எந்தக் காலை ஊன்றுவது, குச்சிக்கு முதுகு காட்டித் திரும்பி எப்படி மெத்தையில் விழுவது என்று டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். மெத்தையின் ரெக்ஸின் உறை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். வெட்டுக்கிளி அதில் விழுந்து எழுந்து, தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு வீட்டுக்கு வருவாள். மைதானத்தில் அவள் அம்மாவை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். கேட்டைத் தாண்டியதும் "அம்மா". அதில் ஒருநாளும் தடம் மாறியதில்லை.

அந்த நாட்களில் அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். படுத்த மாத்திரத்தில் தூங்கினாள். தோற்றுப்போனால் குழாயடிக்கு ஓடிப்போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இன்னொரு தடவை டீச்சர்" என்பாள். சிநேகிதிகளோடு சண்டை போட்டாள், அடுத்த நாளே சமாதானம் ஆனாள். படிப்பும் சுமாராக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சுமாரில்தான் வினை வந்தது. எட்டாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் மார்க் சரிந்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டிக்கு அப்போது கொஞ்ச நாள்தான் பாக்கி. டியூஷன் பிள்ளைகள் போனபிறகு, கணக்கு சார் சாப்பிட உட்கார்ந்தார். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ப் பிள்ளைங்க என்கிட்ட வந்து நல்ல மார்க் வாங்குது," என்றார் மெதுவாக. "என் பொண்ணு மார்க் என்னன்னு நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்கறது?"

"போட்டி முடியட்டுமே. அதுக்கப்புறம் நானே உட்கார வைக்கிறேன்."

"நான் போக வேணாம்னு சொல்லல. சொல்ல மாட்டேன். அப்புறம் என்னைத்தான் வில்லனாக்குவீங்க." அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார். "நீ அம்மா. டீச்சர் வேற. நீயே யோசி."

சண்டை போட்டிருந்தால்கூட டீச்சர் எதிர்த்து நின்றிருப்பாள். அவர் சண்டை போடவில்லை. அதற்கடுத்த நாட்களில் வீட்டில் பேச்சு குறைந்தது. கேட்டதற்குப் பதில், அதுவும் ஒரு வார்த்தையில். பெஞ்சுகளை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பெரிய மேடம் வேறு, "உங்க சார் சொன்னாரு, பொண்ணு மார்க் பத்தி ரொம்ப வருத்தப்படறாராமே" என்று சந்தடிசாக்கில் ஒரு குத்துக் குத்தினாள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு 'விட்டுக்கொடுக்காதே' என்று சொன்னவள், வீட்டில் ஒரு வார அமைதிக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள்.

ஆனால் மகளிடம் அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. மைதானத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, முழங்காலை அழுத்திப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"முட்டி கொஞ்சம் பலவீனமா இருக்கு. இந்தத் தடவை போட்டி வேணாம். ரெஸ்ட் குடு."

"வலிக்கவே இல்லையே டீச்சர்."

"வலி வந்தப்புறம் நிறுத்தினா பிரயோஜனம் இல்ல. நான் சொல்றேன்ல."

வெட்டுக்கிளி தன் முழங்காலை ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றினாள். அவள் இடத்தில் வேறொரு பெண் போட்டிக்குப் போய், முதல் சுற்றிலேயே திரும்பி வந்தாள்.

அந்த ரெஸ்ட் முடியவே இல்லை. அரையாண்டு போய் முழு ஆண்டு வந்தது, அது போய் அடுத்த வகுப்பு வந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் பின்னால் இன்னொரு பரீட்சை வரிசையில் நின்றுகொண்டிருந்தது. மகள் மார்க் ஏறிற்று. கணக்கு சார் முகம் மலர்ந்தது, வீட்டில் பேச்சு திரும்பிற்று. டியூஷன் சென்டர் வாசலில் அவளுடைய போட்டோவை பேனரில் போட்டார்கள். போட்டோவில் அவள் கண்ணாடி போட்டிருந்தாள்.

ஊரான் பிள்ளைகளின் நடையைப் பார்த்தே எல்லாம் சொல்கிறவளுக்கு, தன் மகளின் நடை தெரியாதா? தெரிந்தது. தோள் இரண்டும் முன்னால் வளைந்துவிட்டன. படி ஏறினால் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கிறது. தலைவலி என்று சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மார்க் குறைந்தாலும் அழுவதில்லை, கூடினாலும் சிரிப்பதில்லை. டீச்சர் ஒவ்வொன்றையும் பார்த்தாள். பார்த்து, இந்தப் பரீட்சை முடியட்டும் என்று மனசுக்குள் ஒத்திப்போட்டாள்.

மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் அந்தப் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள், எரிந்து எரிந்து விழுகிறார்கள் என்று புகார் மேல் புகார் வந்து, பெரிய மேடத்தின் தலை உருண்டது. அதற்கொரு வழியாக, "பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏன் வேண்டும்" என்று டீச்சரைப் பேசச் சொன்னாள். வருஷம் பூராவும் பீரியடைப் பிடுங்கியவர்கள் மேடை போட்டு மைக் கொடுத்தார்கள். டீச்சர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. வந்தவரைக்கும் லாபம் என்று ஏறி நின்றாள்.

நன்றாகவே பேசினாள். எழுதிவைத்துப் படிக்கவில்லை. "உங்க பிள்ளை வியர்க்க வியர்க்க ஓடினா எலும்பு மட்டும் பலமாகல, தூக்கமும் பசியும் தானா வரும். நீங்க தட்டைத் தூக்கிட்டுப் பின்னாடி ஓட வேண்டியதில்ல. ஒரு மணி நேரம் விளையாடிட்டு வந்த பிள்ளை, புத்தகத்தைத் திறந்தா மனசு அங்க நிக்கும். இதெல்லாம்கூட ரெண்டாவது. தோத்துட்டு, ஜெயிச்சவன் கையப் பிடிச்சுக் குலுக்கிட்டு, அடுத்த நாள் திரும்ப வரணும்னு ஒரு பிள்ளைக்கு எங்க கத்துக்கொடுப்பீங்க? அதுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. மைதானம்தான்." கூட்டம் அசையாமல் கேட்டது. பின்வரிசையில் ஒரு அப்பா போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டதை அவளே பார்த்தாள்.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். கேட்கிறவர்களிடம் மைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு. அதில் வெட்டுக்கிளியும் ஒருத்தி. மூன்றாவது வரிசையில் கையைத் தூக்கியவர் கண்ணாடிக் கடைக்காரர். வெட்டுக்கிளி போய் அவரிடம் மைக்கை நீட்டினாள்.

"டீச்சர், ரொம்ப நல்லா பேசினீங்க," என்றார் அவர். மனுஷன் விகல்பம் இல்லாதவர். "என் பையனையும் சேர்க்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். உங்க பொண்ணுக்குப் போன மாசம்தான் கண்ணாடி மாத்திக் கொடுத்தேன். தலைவலின்னு வந்துச்சு. படிப்புலயும் முதல் ஆளு. அது எப்படி ரெண்டையும் சமாளிக்குது? என்ன விளையாட்டு விளையாடுது?"

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேசிய பேச்சு அத்தனையும் பாழ். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் கணக்கு சாரிடம் டியூஷன் படிக்கிறவர்கள்.

"ஹை ஜம்ப்," என்றாள் டீச்சர்.

பெரிய மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பொண்ணே பக்கத்துலதான நிக்குது. அதுவே ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றாள்.

வெட்டுக்கிளி மேடையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தை ஒரு கணம் படித்தாள். பிறகு கண்ணாடிக் கடைக்காரரிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஆமா அங்கிள், ஹை ஜம்ப்தான். ஸ்கூல் முடிஞ்சதும் தினமும் கிரவுண்டுக்குப் போவேன். அதுக்கப்புறம் படிக்க உட்கார்ந்தா மனசு லேசா இருக்கும். தலைவலி இப்ப பரவாயில்ல. எங்க அம்மா சொன்னது எல்லாம் எனக்கு அனுபவத்துலயே தெரியும்."

தடுமாறவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் அளவாக ஒரு சிரிப்பு வேறு. ஹால் கைதட்டிற்று. கண்ணாடிக் கடைக்காரர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் மைக்கைக் கொண்டுபோய் அடுத்த வரிசையில் நீட்டினாள்.

கூட்டம் முடிந்து இருவரும் ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. முன்னும் பின்னும் ஹாரன். திரும்பிப் பார்க்காமலே டீச்சர் கேட்டாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீ சொன்னதத்தான நானும் சொன்னேன்."

"எனக்கு அந்த நேரத்துல வேற வழி தெரியல."

"தெரியும்மா. அதான் சொன்னேன்."

வண்டி கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. டீச்சர் ஆரம்பித்தாள். "உங்கப்பா அன்னைக்கு அவ்வளவு பிடிவாதமா இல்லாம இருந்திருந்தா..."

"அப்பா நிறுத்தலம்மா." குரலில் கோபம் இல்லை, பாடத்தில் தப்பைத் திருத்துகிற மாதிரிதான் இருந்தது. "அப்பா நிறுத்தியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். டீச்சர் நிறுத்தினாங்க. என் முட்டில ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் ரொம்ப நாள் படுக்கையில உட்கார்ந்து முட்டிய அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். எங்கயாவது வலிக்குதான்னு."

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். டீச்சர் வண்டியை எடுத்தாள்.

அன்று டியூஷன் பிள்ளைகள் கிளம்பியதும், பெஞ்சை இழுத்துப்போட்டு புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. அவர் முழுவதும் கேட்டார்.

"நானா நிறுத்தச் சொன்னேன்?" என்றார். "யோசின்னு சொன்னேன். யோசிச்சது நீ."

அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். "சரி விடு. தலைவலிக்கும் நல்லதுன்னா போகட்டும். சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் ஒதுக்கிடலாம். அதுக்கேத்த மாதிரி நான் டெஸ்ட்ட மாத்தி வச்சுக்கறேன்." பலகையின் மூலையில் அப்போதே எழுதிவிட்டார்: சனி, விளையாட்டு.

சனிக்கிழமை டீச்சர் மெத்தையைத் தானே இழுத்து வந்து போட்டாள். மகளுக்குப் பழைய ஷூ சேரவில்லை. வேறொரு பிள்ளையின் ஷூவை வாங்கிக் கொடுத்தாள். குச்சியை, அவள் எட்டாம் வகுப்பில் விளையாட்டாகத் தாண்டிய உயரத்தில் வைத்தாள்.

வெட்டுக்கிளி கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு ஓடிவந்தாள். காலடி கணக்கு தப்பிப்போய் குச்சிக்கு முன்னால் தடுமாறி நின்றாள். இரண்டாவது முறை தாண்டினாள். இடுப்பு இடித்துக் குச்சி அவளோடு சேர்ந்து மெத்தையில் விழுந்தது. எழுந்திருக்க நேரமானது. மூச்சு வாங்கியது.

டீச்சர் குழாயடியைத் திரும்பிப் பார்த்தாள். மகள் அந்தப் பக்கம் போகவில்லை.

"இன்னொரு தடவை பார்க்கலாமா?"

"சரி டீச்சர்."

எது சொன்னாலும் சரி. கையை உயர்த்து என்றால் உயர்த்தினாள், வளைந்து வா என்றால் வளைந்து வந்தாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. டீச்சர் குச்சியை இறக்கினாள், இன்னும் இறக்கினாள், சின்ன வகுப்புப் பிள்ளைகள் தாண்டுகிற உயரத்துக்குக் கொண்டுவந்தாள். வெட்டுக்கிளி அதைத் தாண்டிவிட்டாள். மெத்தையிலிருந்து இறங்கி, முழங்கை மண்ணைத் தட்டிவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போதுமா டீச்சர்?"

போதும் என்றுதான் டீச்சர் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை மகளுக்கு டெஸ்ட் இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை டீச்சரே கூப்பிடவில்லை. பலகை மூலையில் எழுதியிருந்ததை யாரோ ஒரு டியூஷன் பையன் அழித்துவிட்டு அங்கே ஒரு முக்கோணம் வரைந்தான்.

டீச்சரின் பேச்சு மட்டும் வீண்போகவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் பிள்ளைகளைச் சாயங்கால விளையாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மைதானம் கொள்ளவில்லை. கண்ணாடிக் கடைக்காரரின் பையன் பயந்து பயந்து வந்தவன், இப்போது பந்தை விடமாட்டேன் என்று மல்லுக்கட்டுகிறான். பெரிய மேடம் புது மெத்தை வாங்கிப்போட்டாள். பார்க்கிற அம்மாக்கள் எல்லாம், "உங்க பேச்சுலதான் டீச்சர் எங்க வீட்ல நிம்மதி வந்துச்சு" என்றார்கள். "அதவிட உங்க பொண்ணு சொன்னது அப்படியே மனசுல நின்னுடுச்சு" என்றும் சொன்னார்கள். டீச்சர் அதற்குச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். பிள்ளைகள் ஓடினார்கள், விழுந்தார்கள், அழுதார்கள், திரும்ப வந்தார்கள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று ஒவ்வொரு நாளும் கண்முன்னால் நிரூபணம் ஆயிற்று. அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மகள் எல்லாப் பரீட்சையிலும் முன்னால் நின்று, தொலைவிலுள்ள ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். அப்பாவோடு அரை மணி நேரம் பாடத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வாள். சாப்பிட்டியா, தூங்கினியா, தலைவலி எப்படி இருக்கு. எல்லாவற்றுக்கும் பதில் வரும். அப்படி ஒருநாள் பேச்சு தீர்ந்துபோன இடத்தில் டீச்சர் கேட்டாள்.

"அங்க கிரவுண்டு எல்லாம் இருக்கா?"

"பெரிய கிரவுண்டும்மா. என் ரூம் ஜன்னலுக்கு நேராதான்."

"யாராவது விளையாடறாங்களா?"

"சத்தம் கேக்கும். நான் ஸ்கிரீன் போட்டு வச்சிருக்கேன். சாயங்காலம் ஆனா வெயில் நேரா புத்தகத்துல அடிக்குது."

"அப்படியா. சரி, கண்ண பார்த்துக்கோ" என்றாள் டீச்சர்.